காலால் படம் பார்க்கிறவர்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் ஒரு அட்டைப்பெட்டியை அணைத்திருந்தவள் மிடுக்காகச் சொன்னாள்: “எங்க வூட்டுக்காரரு காலாலதான் படம் பாக்கறாரு.”

“இன்னாக்கா சொல்ற?”

“மீன்புடி போட்டுல இன்ஜின் பக்கத்துலயே நின்னு காது போச்சில்ல. சப்ஊஃபர் ஸ்பீக்கர போட்டா தரை அதிருது, பாதத்த வெச்சிக்கினு சிரிக்கறாரு. ஆனா ஒரு ‘தொம்’ வந்தா மட்டும் அலமாரி பாத்திரமெல்லாம் கடகடன்னு ஆடுது. பக்கத்து வூட்டுல நிறுத்துன்றாங்க.”

“சத்தத்த கொறைச்சி வையேன்.”

“கொறைச்சா அவருக்கு இன்னா தெரியும்? அதான் இந்த ஈக்வலைசரு. அந்த ஒரு ‘தொம்’ம மட்டும் இறக்கிடலாம், மத்த அதிர்வு அப்டியே இருக்கும்.”

“நீயே பாத்து எடுத்தியா?”

“நான் இன்னாத்துக்கு? அவரையே கடைக்கு இட்டுனு போயி, செருப்ப கழட்டி நிக்க வெச்சேன். மொதல்ல காட்டுனதுல ‘தொம்’ம இறக்குனா மொத்த அதிர்வும் போச்சு. வேணாம்னு தலைய ஆட்டிட்டாரு. இதுக்குத்தான் சரின்னாரு.”

“கடைக்காரன் சிரிச்சிருப்பானே?”

“சிரிச்சான்.” பெட்டியை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். “அப்பறம் அவனும் செருப்ப கழட்னான்.”