ஓடைப் பாலம்

குளிர்காலத்தில் நடக்கப் போவதென்றால் இரண்டு சோடிக் காலுறை கட்டாயம் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். செவன் ஹில்ஸில் எங்கள் நடைக்குழுவை ஆறு வருடங்களுக்கு முன் தொடங்கியவன் நான். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்காவது நடப்போம்.

நீங்கள் கேட்கும் ஞாயிறு சதர்ன் ஹைலண்ட்ஸ் மலைப்பக்கத்துக்குப் போயிருந்தோம். வெள்ளைக்காரர் தங்கள் ஊரை நினைத்துக் கட்டிய இரண்டு பழைய கிராமங்கள். இடையில் எட்டுக் கிலோமீற்றர், மாடு மேயும் வெளி. முந்திய கிழமை நான் தனியே போய்ப் பாதையைப் பார்த்திருந்தேன். ஓடையின் மேலிருந்த மரப்பாலம் உக்கிப்போயிருந்தது. அதைப் பாவிக்க வேண்டாம் என்று ஒரு பலகை தொங்கியது. எல்லோரையும் சுற்றுவழியால் கூட்டிப்போக வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். அப்போது என் மனதில் வேறொன்றும் இருக்கவில்லை.

சிவமணி குழுவுக்கு வந்து எட்டு மாதம்தான். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். எந்தக் கல்லைக் கண்டாலும் ஒரு கதை சொல்வார்; எல்லோரும் அவரைச் சுற்றியே நடப்பார்கள். அன்று பஸ்ஸால் இறங்கியதும், அடுத்த மாதத்திலிருந்து சிவமணி அண்ணையே குழுவை நடத்தட்டும் என்று செயலாளர் கிரிஜா சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சிவமணி என் தோளில் கைவைத்தார்.

"சிறி, நீர் இவ்வளவு காலம் கஷ்டப்பட்டனீர். இனி ஆறுதலா இரும்."

அன்பாகத்தான் சொன்னார்.

ஓடைக்கரையில் மற்றவர்களைச் சுற்றுவழியில் அனுப்பினேன். சிவமணி வழியிலிருந்த சில பழைய கல்லறைகளைப் படமெடுத்துக்கொண்டு பின்னால் நின்றார். அவர் வருவதற்குள் அந்த எச்சரிக்கைப் பலகையைக் கழற்றிப் புல்லுக்குள் போட்டேன். காற்றில் விழுந்தது என்று உங்கள் பொலிஸ் ஆட்கள் அறிக்கையில் எழுதியிருப்பது பிழை.

பாலத்தால் போனால் கிட்டவோ என்று அவர் கேட்டார். "ஓம், கிட்ட," என்றேன். "நீங்கள் போங்கோ, நான் கேற்றைச் சாத்திப்போட்டு வாறன்."

நாலாவது அடியில் பாலத்துப் பலகை விட்டுவிட்டது. அவர் தண்ணீருக்குள் மல்லாந்து கிடந்தார். ஆழமில்லை. ஆனால் ஜூலை மாதம், இங்கே நடுக்குளிர்காலத் தண்ணீர்; தலையிலும் அடி. என்னைப் பார்த்து, "சிறி, கையைத் தாரும்," என்றார். என் தொலைபேசி சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிடுவதை விட்டு, மனைவி ராஜகுமாரியைக் கூப்பிடத் தொடங்கினார். குரல் நிற்க அரை மணித்தியாலம் ஆனது.

பிறகு நான் அடுத்த கிராமத்துத் தேநீர்க்கடைக்குப் போனேன். சிவமணி படமெடுத்துவிட்டு வருவாராம் என்றேன். கிரிஜா எனக்கும் தேநீர் வாங்கி வைத்திருந்தார். குடித்தேன்.

மூன்று கிழமையாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் நான் உங்களிடம் வந்தது அதற்காக இல்லை. செத்தவீட்டில் ராஜகுமாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தரும் பக்கத்தில இல்லாமல் தனியக் கிடந்து போனாரே, அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு," என்றார். அந்த அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை.

அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சிவமணி தனியாகக் கிடக்கவில்லை. கடைசிவரைக்கும் நான் பக்கத்திலேயே நின்றேன். அதைக் கேட்டால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.