ஆடிக்கு முன்னால் பால் காய்ச்சிய வீடு

பெயர்: உமாராணி த/பெ சின்னையா
வயது: 36
தொழில்: தரப் பரிசோதகர், ரப்பர் கையுறைத் தொழிற்சாலை, சுங்கை பட்டாணி
முகவரி: (1) என் தகப்பனார் வீடு, தோட்டக் குடியிருப்பு, கோலா கெத்தில். (2) பள்ளிக்கூடத்திலிருந்து நான்காவது வரிசை, மூலை வீடு, செமிலிங்.
நாள்: 5.8.2025, செவ்வாய், காலை மணி 10.20
மொழி: தமிழ். எழுதியவர் சார்ஜன் தேவன். உடன் இருந்தவர் இன்ஸ்பெக்டர் நபீல்.

ஒரு முகவரிதான் எழுத முடியும் என்று சார்ஜன் சொன்னார். என்மீது வந்த புகாரே இரண்டாவது முகவரியைப் பற்றித்தான், அதை விட்டுவிட்டு எதை எழுதப் போகிறீர்கள் என்று நான் கேட்டேன். அதன் பிறகு இரண்டும் எழுதப்பட்டன.

எனக்கும் சிவநேசன் என்பவருக்கும் 2014ஆம் ஆண்டு திருமணம் நடந்து, பிறையில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியிருந்து, இந்த ஆண்டு பிப்ரவரி மாதம் மணவிலக்கு ஆனது. எங்களுக்கு லோஷினி என்று ஒன்பது வயதில் ஒரே மகள். பிள்ளை தற்போதைக்கு என்னிடம் இருக்கலாம் என்றும், செப்டம்பர் 15ஆம் தேதி மறு விசாரணைக்குள் நான் பிள்ளைக்குத் தகுந்த வீடும் பள்ளியும் ஏற்பாடு செய்து காட்ட வேண்டும் என்றும், காட்டாவிட்டால் தகப்பனிடம் ஒப்படைப்பது பற்றி யோசிக்கப்படும் என்றும் நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு நான் பிள்ளையை அழைத்துக்கொண்டு கோலா கெத்திலில் உள்ள என் அப்பா வீட்டுக்கு வந்தேன். அங்கே ஏற்கெனவே ஆறு பேர். பிள்ளை சமையலறையில் கேஸ் சிலிண்டர் தோம்பு பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

என் வேலை என்னவென்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் நின்று, ஒழுகுகிறதா என்று பார்ப்பது என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன். பெட்டியின் மேல்வரிசையில் இருப்பதை எடுக்கக் கூடாது, நடுவிலும் அடியிலும் கைவிட்டு எடுக்க வேண்டும், ஏனென்றால் மேல்வரிசையை எல்லாரும் அழகாகத்தான் அடுக்குவார்கள். இதற்கும் புகாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், வீடும் பள்ளியும் நான் அப்படித்தான் தேடினேன். விளையாட்டுப் போட்டி நாளிலோ திறப்பு விழா நாளிலோ நான் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. சாதாரண நாளில், பள்ளி விடும் நேரத்தில், வாசலுக்கு எதிரே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள் என்று பார்த்தேன். என் வருடாந்தர விடுப்பு முழுவதும் அதிலேயே போனது.

முதலில் சுங்கை பட்டாணியில் மூன்று தாமான் குடியிருப்புகள் பார்த்தேன். வாடகை என் கைக்கு எட்டவில்லை. எட்டிய ஒரு வீட்டின் சொந்தக்காரர், புருஷன் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்கு ஏற்கெனவே ஆள் வந்துவிட்டதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அந்த வீட்டு அறிவிப்புப் பலகை அடுத்த வாரமும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு மெர்போக்கில் ஒரு வீடு பார்த்தேன். வீடு நன்றாக இருந்தது, காற்றோட்டம் இருந்தது, ஆனால் பள்ளிக்கு வேனில்தான் போக வேண்டும், வேன்காரர் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கே பிள்ளையை ஏற்றுவேன் என்றார். அரைத் தூக்கத்தில் போகும் பிள்ளை என்ன படிக்கும்? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

24.6.2025 செவ்வாய்க்கிழமை செமிலிங் பக்கம் உள்ள தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். மணி ஒன்று அடிக்கும்போது பேய்மழை பிடித்துக்கொண்டது. வாசலுக்கும் வேன் நிற்கும் இடத்துக்கும் நடுவே ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. நான் காவலாளி கொட்டகையில் ஒதுங்கி நின்றேன். அப்போது ஆறாம் ஆண்டு படிக்கும் உயரமான பெண்பிள்ளை ஒருத்தி முதலில் வந்து, சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றாள். அவளுக்குப் பிறகு ஒரு பையன் இறங்கினான். அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக இருபது பேர் இருக்கும், பெரிய பிள்ளைகள், வாசலிலிருந்து வேன் வரைக்கும் இரண்டு வரிசையாக நின்றார்கள். சின்னப் பிள்ளைகளை நடுவே விட்டு, கை மாற்றிக் கை மாற்றி, ஒவ்வொருவராக வேனில் சேர்த்தார்கள். ஒரு விசில் ஊதவில்லை. ஓர் ஆசிரியர் சத்தம் போடவில்லை. ஒரு பிள்ளை அழவில்லை.

நான் காவலாளியிடம் கேட்டேன்.

"யாரண்ணே இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல லா. மழ பெஞ்சா இப்படித்தான் செய்வாங்க. பெரிசுங்களப் பாத்து சிறிசுங்க கத்துக்கும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. இதை அப்படியே எழுதும்படி சார்ஜனைக் கேட்டுக்கொண்டேன். எல்லாச் சிறுபிள்ளைகளும் போன பிறகு, அந்த உயரமான பெண் என்னைப் பார்த்து, நானும் கடக்கத்தான் நிற்கிறேன் என்று நினைத்து, கையை நீட்டினாள்.

"ஆண்ட்டி, அந்தப் பக்கம் பள்ளம் இருக்கு. என் கையப் பிடிச்சிக்கிட்டு வாங்க."

நானும் பிடித்துக்கொண்டு போய்விட்டேன். அக்கரை போய்ச் சேர்ந்த பிறகுதான் என் மோட்டார் இக்கரையில் நிற்பது நினைவுக்கு வந்தது. கையுறை லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றுகூட ஒழுகாத ஒரு பெட்டியை நான் பார்த்ததே இல்லை. மழையில் நின்றபடி, என் பிள்ளை படிக்க வேண்டிய இடம் இதுதான் என்று முடிவு செய்தேன். பள்ளியின் தேர்ச்சி விகிதம் பார்த்தீர்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அதையும் பிறகு பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் முடிவு செய்தது அதைப் பார்த்து அல்ல.

நனைந்த துணியோடு பள்ளியை ஒட்டிய தாமானில் வரிசை வரிசையாக நடந்தேன். நான்காவது வரிசை மூலை வீட்டில் வாடகைக்கு என்று எழுதியிருந்தது. போன் செய்தேன். வீட்டுச் சொந்தக்காரர் ஹபீஸா, பீடோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், கால் மணி நேரத்தில் காரில் வந்தார். புருஷன் எங்கே என்ற கேள்வி வரும் என்று நான் தயாராக நின்றேன்.

"வீட்ல யார் யாரும்மா இருப்பீங்க?"

"நானும் மகளும்தான் அக்கா. வேற யாரும் இல்ல."

"ரெண்டு பேரு, ரெண்டு ரூம். சரியாப் போச்சு. மொதல்ல தலயத் தொவட்டு, காய்ச்சல் வந்துரும்."

காரிலிருந்து துண்டு எடுத்துக் கொடுத்தார். வாடகை நான் நினைத்ததைவிடக் குறைவு. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷி உண்டா என்று நினைத்துக்கொண்டே தலையைத் துவட்டினேன். சமையலறை ஜன்னலைத் திறந்தபோது மழை விட்டு ஜெராய் மலை முழுசாகத் தெரிந்தது. அதன் பிறகு பிள்ளையை அழைத்து வந்து காட்டினேன். அவள் ஜன்னலில் ஏறி நின்று, "இந்த மலையும் நம்ம வீட்டோடதாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வீட்டில் பழுதுபார்ப்பு வேலை முடிய ஜூலை பத்தாம் தேதி ஆகிவிட்டது. 17ஆம் தேதி ஆடி பிறந்துவிடும், அதற்குள் சாமான் வாங்கிச் சேர்க்க என்னால் முடியாது, ஆடியில் நாங்கள் வீடு மாறுவதில்லை. அதனால் 11.7.2025 வெள்ளிக்கிழமை காலை, புதுப் பானையில் பால் காய்ச்சி, விளக்கு ஏற்றி, சாமி கும்பிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டு, ஆவணி பிறந்ததும் சாமான்களோடு வருவது என்று முடிவு செய்தேன். ஹபீஸா அக்காவும் வந்திருந்தார். பால் பொங்கி வழிந்தபோது, நாங்கள் கும்பிட்டு முடிக்கும் வரை முக்காட்டைச் சரிசெய்தபடி ஓரமாக நின்று, பிறகு ஒரு டம்ளர் பால் வாங்கிக் குடித்தார். ஆள் இல்லாத வீட்டுக்கு என்ன வாடகை என்று சொல்லி, ஒப்பந்தத்தில் ஆகஸ்ட் 17 முதல் என்று எழுதினார். சாவியை மட்டும் அன்றைக்கே கொடுத்தார்.

14.7.2025 அன்று பள்ளி மாற்றப் பாரத்தில், தற்போது வசிக்கும் முகவரி என்ற இடத்தில், செமிலிங் முகவரியை எழுதினேன். எழுதியது என் கைதான், மறுக்கவில்லை. அன்றைக்கே உத்தரவுப்படி அந்த முகவரியை நீதிமன்றத்துக்கு எழுத்திலும் சிவநேசனுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன்.

அதன் பிறகு 27.7.2025 ஞாயிற்றுக்கிழமை, எனக்குச் சொல்லாமல், சிவநேசன் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். பிறை வேறு மாநிலம், அங்கே அவருக்கு ஞாயிறு விடுமுறை. இங்கே கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள், பள்ளி நாள், ஆவணியாக இருந்திருந்தாலும் அந்நேரம் வீடு பூட்டித்தான் இருந்திருக்கும். அவர் ஜன்னல் வழியாக ஆறு படங்கள் எடுத்து, இது காலி வீடு, நான் நீதிமன்றத்துக்கும் பள்ளிக்கும் பொய் முகவரி கொடுத்திருக்கிறேன் என்று புகார் செய்திருக்கிறார். அதனால் பள்ளி மாற்றம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இது இப்படியே செப்டம்பர் 15 வரை நின்றால் என் பிள்ளை என்னிடம் இருக்க மாட்டாள். இதை நினைத்து நான் ஒன்பது நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்ஸ்பெக்டர் நபீல் மலாயில் கேட்டார்: ஒரு பானைக்கும் முகவரிக்கும் என்ன தொடர்பு? சார்ஜன் தேவன் விளக்க வாயெடுத்து, பிறகு நிறுத்திக்கொண்டார்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா என்னைய சாட்சியாக்கிருவாங்க."

நான் சொன்னேன். பால் காய்ச்சிவிட்டால் எங்களுக்கு அது குடிவந்த மாதிரிதான். கட்டில் மெத்தை பிறகு வரும். சட்டத்தில் இதற்கு இடம் இல்லை என்று இப்போது தெரிகிறது, அதைக் கேட்காமல் எழுதியது என் தவறு. ஆனால் சிவநேசனுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2014ல் பிறை வீட்டுக்கும் நாங்கள் இப்படித்தான் போனோம். அவருடைய தாயார் மருதம்மாள் ஆடியில் குடிபோகவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றதால், ஆனியிலேயே பால் காய்ச்சிவிட்டு ஒரு மாதம் பூட்டி வைத்திருந்தோம். பால் பொங்கியதும் "இனிமே இதுதான் நம்ம வீடு" என்று சொன்னது சிவநேசன்தான். இங்கே எனக்குக் காட்டிய ஒன்றாம் படத்தில் அடுப்பும் பானையும் வழிந்து காய்ந்த பாலும் தெளிவாகத் தெரிகின்றன. அதைப் பார்த்துக்கொண்டே காலி வீடு என்று எழுத அவருக்கு எப்படி மனசு வந்தது?

இன்ஸ்பெக்டர் மற்றப் படங்களையும் மேசையில் வைத்தார். நான்காம் படம், வாசல் ஜன்னல் வழியாகக் கூடத்தின் தரையை எடுத்தது. சாமான் எதுவும் இல்லை. தரையில் வெள்ளையாகக் கோடுகள் இருந்தன. வாசலில் கோலம் போட நான் வாங்கி வைத்த சாக்கட்டி பால் காய்ச்சிய அன்று காணாமல் போனது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. சார்ஜன் படத்தைத் தலைகீழாகத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"எழுத்து மாதிரி இருக்கு அக்கா. பாருங்க."

அது லோஷினியின் கையெழுத்து. நான் அடுப்படியில் நின்ற நேரத்தில், வெறும் தரையில் பிள்ளை முழு வீட்டையும் வரைந்து வைத்திருக்கிறாள். ஒரு கட்டம் போட்டு, "அம்மா தூங்கற சோபா, நைட் ஷிப்டு முடிஞ்சி" என்று எழுதியிருக்கிறாள். இன்னொரு கட்டத்தில் "என் மேச". சுவரோரம் "சப்பாத்து". அதைத் தாண்டி, ஜன்னலுக்கு மிக அருகில், அதாவது சிவநேசன் வெளியே நின்று படம் எடுத்த இடத்துக்கு நேர் உள்ளே, ஒரு சதுரம். அதில் "அப்பா வந்தா நாற்காலி" என்று எழுதியிருந்தது.

எனக்கு அது தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சார்ஜன் தண்ணீர் கொடுத்தார். எழுதுவது பத்து நிமிடம் நிறுத்தப்பட்டுப் பிறகு தொடர்ந்தது.

சிவநேசன்மீது எதிர்ப் புகார் கொடுக்க விருப்பமா என்று கேட்டார்கள். இங்கே வரும்போது அந்த எண்ணத்தோடுதான் வந்தேன். இப்போது வேண்டாம் என்கிறேன். அவரிடம் நான்காம் படத்தை ஒருமுறை காட்ட வேண்டும், அவர் எடுத்த பக்கமாக இல்லாமல் திருப்பிக் காட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த நாற்காலி இன்னும் வாங்கவில்லை. ஆவணி பிறந்ததும் வீட்டுக்கு வரும் முதல் சாமான் அதுதான்.

இதுவரை சொன்னதை சார்ஜன் தேவன் எனக்குத் தமிழிலேயே வாசித்துக் காட்டினார். நானாக மனமுவந்து சொன்னது, யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் முகவரி இரண்டாவதாக எழுதியதுதான். அதன் கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
உமாராணி த/பெ சின்னையா