தொட்டால் தெரியாத இடம்

சங்கரேஸ்வரி: கையை நீட்டுங்க.

சுடலைராஜ்: ஒண்ணுமில்லளா. கடையைத் திறக்கணும். மாவு ஊறிக் கெடக்கு.

சங்கரேஸ்வரி: கெடக்கட்டும். நீட்டுங்க.

சுடலைராஜ்: இந்தா... பாத்துட்டியா? லேசாச் சுட்டிருக்கு.

சங்கரேஸ்வரி: இதுவா லேசு? தோலு வெந்து வெள்ளையாத் தொங்குது. நேத்து கறி தீயுற வாடை வந்ததும் நான் சால்னாச் சட்டியத்தான் போய்ப் பாத்தேன். திரும்பினா, உங்க கை பரோட்டாக் கல்லு மேல இருக்கு. நீங்க பாட்டுக்கு அருவிக்குப் போற வேனைப் பாத்துக்கிட்டு நிக்கீய.

சுடலைராஜ்: சீசன் கூட்டம்... கவனிக்கல.

சங்கரேஸ்வரி: நான் சத்தம் போட்ட பொறவுதான் கையை எடுத்தீய.

சுடலைராஜ்: பரோட்டா மாஸ்டர் கைன்னா அப்படித்தான். இருவது வருசம் கல்லு முன்னால நின்னு பாரு, உனக்கும் மரத்துப் போவும்.

சங்கரேஸ்வரி: உள்ளங்கை மரத்துப் போவும், சரி. இது முழங்கைக்குக் கீழல்லா? அந்தச் சட்டையை இன்னும் மேல மடிங்க. அடுப்படியில நிக்கிற ஆளுக்கு முழுக்கைச் சட்டை எதுக்கு?

சுடலைராஜ்: எண்ணெய் தெறிக்குதுல்ல...

சங்கரேஸ்வரி: மடிங்க. இந்தத் தேமல் எம்புட்டுப் பெருசாயிட்டு... போன சீசன்ல ஒரு ரூவாத் துட்டு அளவுதான இருந்துச்சு?

சுடலைராஜ்: இப்ப கொறைஞ்சிருக்கு.

சங்கரேஸ்வரி: யாரு சொன்னா?

சுடலைராஜ்: நாந்தான் சொல்லுதேன். செங்கோட்டை மெடிக்கல்ல படர்தாமரைக் கிரீம் வாங்கிப் போட்டேன். அது ஒத்துக்கல. பொறவு வேப்பெண்ணெயில கந்தகம் போட்டுக் காய்ச்சித் தேய்ச்சேன். இப்ப ஐந்தருவிப் பக்கம் ஒருத்தர் மூலிகை எண்ணெய் விக்காரு, அது. காலையில தேய்ச்சுட்டு அருவியில நின்னா...

சங்கரேஸ்வரி: அதான் விடிஞ்சும் விடியாம அருவிக்கு ஓடுதீயளா?

சுடலைராஜ்: மலையில இருக்க மூலிகை பூராவும் அந்தத் தண்ணியிலதான வருது.

சங்கரேஸ்வரி: டாக்டர்ட்ட மட்டும் காட்டிராதீய.

சுடலைராஜ்: தேமலுக்குப் போயி டாக்டரா? ஊசியைப் போட்டு ரெண்டு நாள் படுக்க வச்சிருவான். சீசன்ல மாஸ்டர் இல்லைன்னா, கடைக்கு வாரவன் எதுத்த கடைக்குப் போயிருவான்.

சங்கரேஸ்வரி: கண்ணை மூடுங்க.

சுடலைராஜ்: எதுக்குளா?

சங்கரேஸ்வரி: மூடுங்க. ஒரு வெளயாட்டு.

சுடலைராஜ்: பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம். இவளுக்கு இப்பத்தான் வெளயாட்டு... சரி, மூடிட்டேன்.

சங்கரேஸ்வரி: வாரியல் குச்சியால தொடுவேன். எந்த எடம்னு சொல்லணும். எங்கன தொடுதேன்?

சுடலைராஜ்: தோள்ல.

சங்கரேஸ்வரி: இப்ப?

சுடலைராஜ்: கட்டை விரல்ல. கூசுதுளா.

சங்கரேஸ்வரி: இப்ப?

சுடலைராஜ்: ...மணிக்கட்டுல?

சங்கரேஸ்வரி: நான் இன்னும் தொடல. இப்ப?

சுடலைராஜ்: தொடு, சொல்லுதேன்.

சங்கரேஸ்வரி: ...

சுடலைராஜ்: தொடுளா. எம்புட்டு நேரம் கண்ணை மூடிக்கிட்டு இருக்க?

சங்கரேஸ்வரி: தொட்டுக்கிட்டுதாங்க இருக்கேன். கண்ணைத் திறந்து பாருங்க. தேமல் மேல குத்தி அமுக்கிக்கிட்டு இருக்கேன். தெரியலல்லா?

சுடலைராஜ்: இதெல்லாம் உனக்கு யாரு சொல்லித் தந்தா?

சங்கரேஸ்வரி: யாரோ. அந்தச் சுண்டு விரலை நிமித்துங்க.

சுடலைராஜ்: குளுருக்கு மடங்கியிருக்கு.

சங்கரேஸ்வரி: நிமித்துங்க... முடியலல்லா? ஒரு மாசமா நீங்க வீசுத மாவு கிழிஞ்சு கிழிஞ்சு விழுது. மைதா சரியில்லன்னு மளிகைக் கடைக்காரர்ட்ட சண்டைக்குப் போனீய. நானும் நம்பினேன்.

சுடலைராஜ்: விடு, சங்கரி.

சங்கரேஸ்வரி: உங்களுக்குத் தெரியும். இது என்னன்னு உங்களுக்குத் தெரியும்.

சுடலைராஜ்: தெரியாது.

சங்கரேஸ்வரி: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

சுடலைராஜ்: ...ராயகிரியில மாடன் மாமான்னு ஒருத்தர் இருந்தாரு, எங்க அம்மாவோட அண்ணன். உனக்குத் தெரியாது, நீ வாரதுக்கு முன்னாலயே செத்துட்டாரு. நல்லாக் கபடி ஆடுவாரு. அவருக்கும் கையிலதான் மொதல்ல வந்துச்சு. மாட்டுத் தொழுவத்துல ஒரு பக்கத்தை மறைச்சு அங்கன படுக்க வச்சிட்டாவ. சோத்தை நாந்தான் கொண்டு போவேன். தட்டைத் தரையில வச்சுக் கம்பால தள்ளணும். கையில குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்தா. ஒருநா அவரு, “ஏலே, மழையா இருக்கு, கொஞ்சம் உள்ள தள்ளுலே”ன்னாரு. நான் பயந்து போயி ஓடி வந்துட்டேன்.

சங்கரேஸ்வரி: அது அந்தக் காலம்ங்க.

சுடலைராஜ்: ஊரு அதே ஊருதான? பரோட்டா பிசையுற கையிலளா இருக்கு. ஒருத்தன் காதுல விழுந்தாப் போதும், கடை போச்சு. மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாவ? நம்ம ஸ்ரீதேவியை... வேண்டாம். கல்யாணம் முடியட்டும். பொறவு மதுரைப் பக்கம், நம்மளத் தெரியாத எடமாப் பாத்துப் போறேன்.

சங்கரேஸ்வரி: அதுக்குள்ள கையே போயிரும்.

சுடலைராஜ்: போனாப் போவுது. ஒங்க ரெண்டு பேருக்கும் ஒட்டிரக் கூடாது, அம்புட்டுதான். அதான் மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

சங்கரேஸ்வரி: என்னது?

சுடலைராஜ்: பொங்கலுக்குப் பொறவு மாடியில படுக்கேன்ல. காத்து வேணும்னு சொன்னேன். காத்தாவது மண்ணாவது... இந்தச் சாரல்ல நனைஞ்சுக்கிட்டு எவன் படுப்பான்? உன் பக்கத்துல படுக்கப் பயம். தண்ணி குடிக்கத் தனித் தம்ளர் வச்சிருக்கேன். நீ பாத்திருக்க மாட்ட.

சங்கரேஸ்வரி: பாத்தேன். நான் குடிச்ச தம்ளர்ல குடிக்க உங்களுக்கு அருவருப்பா இருக்குன்னு நெனச்சேன்.

சுடலைராஜ்: உனக்கென்ன கிறுக்கா? உன்னைப் போயி நான் எதுக்கு அருவருக்கணும்? ஏன் அழுத? ஏளா... சங்கரி, பக்கத்துல வராத. சொன்னாக் கேளு. கையை விடு.

சங்கரேஸ்வரி: விட மாட்டேன். எனக்கும் இருக்குங்க, இதே தொழுநோய். முதுகுல. பொங்கலுக்கு முன்னால ரேசன் கடைகிட்ட முகாம் போட்டிருந்தாவள்ல, அங்கன ஒரு நர்ஸம்மாதான் பாத்துச் சொன்னாவ. அப்பயிருந்து கவருமெண்டு ஆஸ்பத்திரியில சும்மாத் தார மாத்திரையை ஒழுங்கா முழுங்கிட்டு வாரேன். மாத்திரையை ஆரம்பிச்சுட்டா அடுத்தவங்களுக்கு ஒட்டாதாம். கடைக்கும் போவலாம், பக்கத்துலயும் படுக்கலாம்னுட்டாவ. வீட்டுக்கு வந்தா நீங்க பாயைச் சுருட்டிக்கிட்டு மாடிக்குப் போறீய. என் முதுகைப் பாத்துட்டுத்தான் போறீயன்னு நெனச்சு, வாயைத் திறக்காம இருந்துட்டேன். யாருகிட்டயிருந்து யாருக்கு வந்துச்சுன்னு அவங்களும் சொல்லல, நானும் கேக்கல. மாசாமாசம் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா, பரிசோதிக்கணும்னு சொல்லுதாவ. அவரு கேரளாவுல வேலை பாக்காரு, வரும்போது கூட்டிட்டு வாரேன்னு பொய் சொல்லி வச்சிருக்கேன். இந்த விரல் மடங்கினதுல என் பொய்யிக்கும் பங்கு இருக்கு. கடை இன்னைக்குத் திறக்க வேண்டாம். சட்டையை மாத்துங்க, போவலாம். நர்ஸம்மா கேட்டா, கேரளாவுல இருந்து புளியறை தாண்டி இப்பத்தான் பஸ்ஸுல வந்து எறங்கினேன்னு சொல்லணும், கேட்டுக்கோங்க.