கண்ணடிக்கும் பல்பு

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமலே லாட்ஜ் கட்டியவன் நான், எதற்கும் வாய்பிளந்ததில்லை. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில், ஒரு தையல்காரப் பெண்ணும் அவள் பக்கத்து வீட்டு வெல்டிங்காரரும் பேசியதைக் கேட்டுப் பிளந்தேன்.

“அண்ணா, நீங்க வெல்டிங் வெச்சா எங்க வீட்டு பல்பு கண்ணடிக்குது.”

“உன்னப் பாத்தா? கொடுத்து வெச்ச பல்பு!”

“சிரிக்காதீங்க. தையல் கோணிக்குது, கல்யாண பிளவுஸெல்லாம் வேற கடைக்குப் போவுது. கரண்ட் ஆபீஸ்ல ரூல மாத்துறாங்களாம். ஒருத்தர் மிஷின் ஓடுனா அடுத்த வீட்டு லைட்டு எவ்ளோ துடிக்கலாம்னு அளவு வெக்கிறாங்க.”

“அத எப்படி அளப்பாங்க?”

“மீட்டர் இருக்குதாம். மனுஷன் கண்ணு எவ்ளோ தாங்கும்னு பாத்துதான் அந்த மீட்டரையே செஞ்சாங்களாம்.”

“கண்ணப் பாத்தா!” என்றவர், பையிலிருந்த வெல்டிங் கண்ணாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கினு வேலை செய்றவன்மா, எனக்கு எதுவும் தெரியல. நாளைக்கு என் ஆள வெல்டிங் வெக்கச் சொல்லிட்டு, உன் பல்புக்குக் கீழ வந்து உக்காந்து பாக்குறேன்.”