நடுவர் இல்லாத ஆட்டம்

எங்கள் கர்லிங் ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது, வக்கீலம்மா. பனித்தரையில் கல்லைத் தள்ளிவிட்டு, அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவோம். துடைப்பம் கல்லில் பட்டுவிட்டால் தப்பாட்டம்; யாரும் பார்க்காவிட்டாலும் பட்டவனே கை தூக்கிச் சொல்லிவிடுவான். கனடாவில் எங்கள் மானிடோபாக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருபத்தாறு வருஷம் எல்லைச் சாவடியில் சீருடை போட்டேன். ஓய்வு பெற்றதும், சாவடி அதிகாரிகள்மேல் வரும் புகார்களை விசாரிக்கும் சுயேச்சை அலுவலகத்தில் என்னை உட்கார வைத்தார்கள். சுயேச்சையாம். சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா? வந்த புகார்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். முறைத்துப் பார்த்தாராம். மாம்பழத்தைக் குப்பையில் போட்டாராம். அதற்கு மூன்று பக்கக் கடிதம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நேரி செலாயா என்று ஒருவன் போன் செய்தான்.

"சார், எங்கக்கா ஒண்டினாவ நேத்துலேருந்து சாவடில பூட்டி வச்சிருக்காங்க. சர்க்கரைக்காரி சார். இன்சுலின் பையப் பிடுங்கிக்கிட்டாங்க. ஊசி போடலன்னா செத்துருவா."

"யாரு பிடுங்குனது?"

"சட்டைல பென்னர்னு பேர் இருந்துச்சாம்."

எழுத்தில் அனுப்பு என்று சொல்லி வைத்துவிட்டேன். டுவைன் பென்னர் என் அணிக்காரன். அவனைக் காகிதத்தில் விசாரிப்பதா? சனிக்கிழமை காலை, ஆட்டக் கூடத்தில் ஷூ மாட்டும்போது நேராகவே கேட்டேன். அவன் மழுப்பவில்லை.

"ஆமா மெர்வ். பை என் லாக்கர்லதான் இருக்கு. அவ நாலு தடவ கேட்டா, நடிக்கிறாள்னு விட்டுட்டேன். இன்னிக்கு ராத்திரி ட்யூட்டி முடிஞ்சு காலைல கிளம்புறப்ப பாத்தா, வாந்தி எடுத்துட்டுக் கெடக்குறா. சாவி எங்கிட்ட இருக்கு. போய்க் குடுத்துட்டு வந்துரவா?"

போக நாற்பது நிமிடம், வர நாற்பது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இறுதி ஆட்டம்.

"ஆட்டம் முடியட்டும்டா. அவ எங்க போயிரப் போறா, பூட்டித்தானே வச்சிருக்க" என்றேன்.

ஜெயித்தோம். ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். மரியாதை தெரிந்தவர்கள் நாங்கள். ஒரு சுற்று நான்கு சுற்றானது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது குற்றம், அதனால் டுவைன் ஓட்டவில்லை. சாவடியில் இருந்தவர்கள், அவனுடைய கைதி, அவனே வரட்டும் என்று இருந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் இறந்துபோனாள். திங்கட்கிழமை கோப்பில் எழுதினேன்: அதிகாரியுடன் நேரில் பேசப்பட்டது, புகார் தீர்க்கப்பட்டது. இதில் எந்த வார்த்தை பொய், சொல்லுங்கள்?

டுவைன் தூக்கம் கெட்டு, தானே வந்து உங்கள் விசாரணையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பலவீனமான பயல். போகிறேன் என்றவனை நிறுத்தியது நான்தான், அதை மறுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நேர்மை இல்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த இறுதி ஆட்டத்தில் என் துடைப்பம் ஒரு நூலளவு கல்லில் பட்டது. ஒருவரும் பார்க்கவில்லை. நான் கை தூக்கினேன்.