கழுத்துக்கு வந்த கறுப்புப் புள்ளி

— கறுப்பா இருந்தா கெட்டதுன்னு யாரு சொன்னா? கறுப்புதான் அண்ணா நமக்கு வேணும். கேளு, கேளு. ஸ்கேன் படத்துல இரும்பு இருக்கிற இடம் கறுப்பாத்தான் தெரியும்.

— மூச்சு விட்டுப் பேசுடி ராத்கா. காலங்காத்தால போனைப் போட்டு எலி கழுத்து, எலி கழுத்துன்னு கத்துறே. நான் இன்னும் காபிகூடக் குடிக்கல. உறிஞ்சற குழாயை யார்மிலா எங்க வெச்சான்னு அவளுக்கே தெரியல. கட்டின புருஷனுக்கு ஒரு குழாய் கிடைக்கல இந்த வீட்டுல.

— காபி எங்கயும் ஓடிடாது. போன மாசம் அந்த எலிக்கு இடுப்புக்கிட்ட, தண்டுவடத்துல ஸ்டெம் செல்லு ஊசி போட்டேனே, காயத்தை ஆத்துற செல்லு, ஞாபகம் இருக்கா? அடி பட்டிருக்கிறது கழுத்துல. ஸாஸாவா ஆத்துல குதிச்சப்ப உனக்குப் பட்டுச்சே, அதே எலும்பு. இப்பக் கேளு. இடுப்புல கறுப்பு இல்ல. துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. எல்லாம் கழுத்துல, காயத்தைச் சுத்தி உட்கார்ந்திருக்கு.

— அட. அப்ப அந்த ஸ்டெம் செல்லு இடுப்பு ஸ்டாப்புல ஏறி கழுத்து ஸ்டாப்புல இறங்கியிருக்கு.

— சத்தியமா அதேதான். யாரும் வழி சொல்லல. எங்க காயமோ அங்க தானாப் போயிருக்கு. போனை ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன் அண்ணா.

— பிடிக்க முடியறவ பிடிச்சுக்கோ. எனக்கு யார்மிலா போனைத் தலையணைல சாத்தி வெச்சிருக்கா. சரி, ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷம் டிராம் ஓட்டினவன், டிக்கெட்டுப் புத்தி போகாது. நீ அந்தச் செல்லுக்குள்ள இரும்பு வெச்சு அனுப்புறேன்னு சொன்னேல்ல?

— ஆமா. ஊசி போடறதுக்கு முன்னாடியே ஊட்டி விட்டுடுவோம். நானோ துகள். அவ்வளவு பொடிசு, ஒரு செல்லு வயித்துக்குள்ள லட்சக்கணக்குல அடங்கும்.

— அப்ப படத்துல தெரியறது செல்லு இல்ல, இரும்பு. ஆள் தெரியல, ஆளோட டிக்கெட்டுதான் தெரியுது. ஆள் வழியிலயே செத்து, டிக்கெட்டை வேற எவனாவது பொறுக்கிக்கிட்டு வந்திருந்தா?

— எங்க புரொபசரே அதைத்தான் கேட்டார். உடம்புல குப்பை அள்ளுற செல்லு உண்டு. செத்ததைத் தின்னுட்டு நேரா காயத்துக்கு ஓடும், வயித்துல இரும்போட. அந்தச் சந்தேகம் வரக்கூடாதுன்னுதான் ரெண்டாவது எலி வெச்சிருக்கோம், ரோலிக்னு. அதே காயம், அதே இடத்துல ஊசி, அதே இரும்பு. ஆனா செல்லை மட்டும் நாங்களே கொன்னுட்டுப் போட்டோம். செத்தது நடக்காது. ரோலிக்கோட கறுப்பு இடுப்புலயே கிடக்கணும்.

— கிடக்காம அதுவும் கழுத்துக்கு வந்துட்டா?

— வந்துட்டா படம் சொல்றது எதையும் நம்ப முடியாது. நாலு வருஷ வேலையை மூட்டை கட்டி வெச்சுட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதெல்லாம் வராது. ஸ்கேன் எடுக்கிற கமில் ரோலிக்கைக் கொண்டு வரத்தான் போயிருக்கான்னு நினைக்கிறேன். உயிருள்ள செல்லு போட்ட எலி கோலாச்சைப் படம் எடுத்து முடிச்சுட்டான். அந்தப் படம்தான் என் முன்னாடி இருக்கு.

— கோலாச்னா இனிப்பு பன்னு, ரோலிக்னா நீட்டு ரொட்டி. எலிக்கு வேற பேரே கிடைக்கலையா உங்களுக்கு?

— எங்க லேப்ல காலைப் பலகாரப் பேருதான் வைப்போம். பசியிலயே வேலை பாக்கறவங்க நாங்க.

— ராத்கா. சிரிக்காம ஒண்ணு கேளு. யார்மிலா அடுத்த ரூம்ல இன்னொரு போன்ல இருக்கா. ஆஸ்பத்திரி. வியாழக்கிழமை கை ஆபரேஷனுக்கு வர்றேனா இல்லையான்னு இப்பவே தெரியணுமாம். ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. இந்தத் தடவையும் இழுத்தா என் இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க.

— வேண்டாம்னு சொல்லிடு.

— உனக்கென்ன, சொல்லிட்டே. என் கையில வேலை செய்யற தசைநார் ஒண்ணை அறுத்து, விரலோட சேத்துக் கட்டுவாங்க. நடக்க முடியாது, ஆனா ஒரு கோப்பையைப் பிடிக்கலாம்னு டாக்டர் சொல்றார். பீர் குழாயில குடிக்கிற பானமாடி? நான் குடிக்கும்போது பக்கத்து மேஜைக்காரன் வேணும்னே ஜன்னலைப் பாக்கறான். எனக்கு வெறுத்துப் போச்சு.

— கோப்பைக்காகக் காலை விட்டுடுவியா? அறுத்துக் கட்டின கையை எங்க சோதனைல சேக்க மாட்டாங்க அண்ணா. மனுஷனுக்குப் போடறப்போ முதல் வரிசைல நீ இருக்கணும். இல்லாட்டி நான் எதுக்கு இந்த எலிகளோட குடித்தனம் நடத்துறேன்?

— எனக்காகத்தான்னு தெரியும். அதனாலதான் பயமா இருக்கு. நீ நிச்சயமாச் சொல்றியா?

— கண்ணால பாத்துக்கிட்டே சொல்றேன். என் கல்யாணத்துல நீ போல்கா ஆடுவே.

— முதல்ல நீ ஒரு மாப்பிள்ளையைப் பிடி. நான் நல்லா இருந்தப்பவே உன் காலை மிதிச்சவன்.

— மிதி அண்ணா. நல்லா மிதி.

— பாழாப்போனவளே, எனக்குக் கண்ணு கலங்குது, துடைச்சுக்கக்கூட முடியல. சரி. யார்மிலா, வேண்டாம்னு சொல்லிடும்மா. என்னது? ராத்கா, டாக்டரைக் கூப்பிடப் போயிருக்காங்களாம், அவ காதுல பாட்டு போட்டு விட்டிருக்காங்க. அவர் வந்ததும் சொல்லிடுவா.

— லேப்ல யாரு, ராத்காவா? என்ன அதிசயம், இந்த நேரத்துல?

— கமில், உள்ள வா. உன்னைக் கட்டிப் பிடிச்சு முத்தம் கொடுக்கணும். ராத்திரி தூக்கமே வரல, முதல் டிராமைப் பிடிச்சு வந்துட்டேன்.

— பொறு, பொறு, காபி சிந்துது. இது ஆறின காபிதான், இந்தக் கட்டடத்துல சூடா ஒண்ணு கிடைக்காது. எதுக்கு முத்தம்?

— கழுத்தைப் பாரு. நம்ம கோலாச் கழுத்து. அண்ணன் லைன்ல இருக்கான், நீயே உன் வாயால சொல்லு.

— வணக்கம் லூபோஷ். ம்ம், பொறு. கோலாச் கூண்டுல தூங்குது ராத்கா. அதுக்கு இன்னும் மயக்க மருந்தே கொடுக்கல.

— காலைல முதல்ல கோலாச்னு நேத்தே சொன்னேனே.

— சொன்னே. மெஷின் சரியா இருக்கான்னு பாக்காம நல்ல எலியைப் படுக்க வைப்பேனா? தினமும் முதல்ல செத்த செல்லு எலிதான். நீ வர்றதுக்குள்ள அது முடிஞ்சிடும், அதனால நீ பாத்ததில்ல. படத்துல எலியோட பேரைக்கூட நான் காபி குடிச்சுட்டு வந்துதான் தட்டுவேன்.

— அப்ப இது...

— ரோலிக்.

— கமில். கழுத்தைப் பாரு.

— பாத்துட்டேன். அதான் காபியைக் கீழ வெச்சுட்டேன்.

— அண்ணா. அண்ணா, லைன்ல இருக்கியா?

— எங்க போவேன்? கேட்டேன். டிக்கெட்டை வேற எவனோதான் கொண்டு வந்திருக்கான்.

— இல்ல, கோலாச்சையும் பாத்துட்டு... வேற வழி ஏதாவது இருக்கும், நான் கண்டுபிடிக்கிறேன், நான்...

— கண்டுபிடி. நீ கண்டுபிடிப்பே. அழாதே குட்டி, எனக்குத் துடைச்சுக்க முடியாதுன்னு இப்பத்தானே சொன்னேன். யார்மிலா! பாட்டு இன்னும் ஓடுதா? டாக்டர் வந்துட்டாரா? நீ வாயைத் திறக்காதே, போனைக் கொண்டாந்து என் காதுல வை. டாக்டர், லூபோஷ் பேசறேன். வியாழக்கிழமை வர்றேன். வலது கையை முதல்ல கட்டுங்க, கோப்பையை நான் அதுலதான் பிடிப்பேன்.