தியூவில் விட்டு வந்தவர்கள்

ஓடுகிறோம். சந்து முழுக்கப் புழுதி. முன்னால் என் மனைவி மும்தாஜ். அவள் இடுப்பில் மகள் சபியா. பின்னால் நான். இடது பக்கம் துப்பாக்கிச் சத்தம், விடாமல். கடல் பக்கம் கனமாக ஒரு தும். வீட்டு ஓடுகள் கிடுகிடுக்கின்றன. மறுபடி தும்.

1961 டிசம்பர் 18. காலை.

தியூ ஒரு சின்னத் தீவு. தெற்கே கடல். வடக்கே உப்பங்கழி. கழியைத் தாண்டினால் குஜராத். அந்தக் கரையிலேயே ஒரு மணல்திட்டில் நாங்கள் இருந்த கோகலா. தீவும் திட்டும் போர்ச்சுகீசியர் கையில். நானூறு வருஷத்துக்கு மேல். கிளை விட்ட பனைமரங்களை அங்கேதான் பார்த்தேன். வியாபாரிகளில் பாதிப் பேர் கடல் தாண்டி, போர்ச்சுகீசியர் ஆண்ட மொசாம்பிக்கில் கடை வைத்திருந்தார்கள். ஊரில் மீனவர்களும் பெண்களும் வயதானவர்களும்தான் அதிகம்.

நான் தருமபுரி பக்கம் பொம்மிடிக்காரன். தையல்காரன். பம்பாயில் தைத்துக்கொண்டிருந்த என்னை ஒரு முதலாளி அங்கே கூட்டிப்போனார். கல்யாணமான புதிது. மும்தாஜும் கூட வந்தாள். அடுத்த வருஷமே இந்திய அரசு எல்லையை மூடியது. தபால் நின்றது. போர்ச்சுகீசியச் சிப்பாய்களுக்குச் சட்டை தைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தோம்.

குஜராத் பக்கம் போகும் ரோட்டில்தான் இந்தியப் படையோடு சண்டை. அந்த வழி அடைபட்டது. எதிரே தீவில் கற்கோட்டை.

"தோணிக்குப் போயிடலாங்க. கோட்டைக்குள்ள பூந்துக்கலாம்" என்கிறாள் மும்தாஜ்.

துறையில் பக்கத்து வீட்டு ஜமுனாபென் தோணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மீன் விற்பவள். குஜராத்தியில் கத்துகிறாள். "குனிந்து உட்காருங்கள். தலையைத் தூக்காதீர்கள்."

பாதிக் கழி தாண்டியிருப்போம். விமானம் வந்தது. தலைக்கு மேல் போன பிறகுதான் சத்தம் கேட்டது. நம் நாட்டு விமானம். சபியா அண்ணாந்து பார்த்தாள். மும்தாஜ் அவள் தலையை அமுக்கினாள்.

கோட்டைச் சுவரோரம் ஒரு வெடி. அடுத்தது தண்ணீரில். விமானம் போட்டதா, கப்பல் சுட்டதா, கோட்டை பீரங்கியா. இன்றுவரை எனக்குத் தெரியாது. தண்ணீர் மதில் மாதிரி எழுந்தது. தோணி கவிழ்ந்தது. எனக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல். கண்ணில் உப்பு. மும்தாஜின் முந்தானை கையில் சிக்கியது. இழுத்தேன். நழுவியது. ஒரு பலகை நெஞ்சில் வந்து மோதியது. அதைப் பிடித்தவன் பிழைத்தேன்.

மறுநாள் சத்தம் அடங்கியது. மும்தாஜ் கரையில் ஒதுங்கிக் கிடந்தாள். சபியா கிடைக்கவில்லை. ஜமுனாபென்னும்.

மும்தாஜ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்தியச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வந்தான். கையைத் தூக்கினேன். வாயில் என்ன வந்ததோ, தமிழில் வந்தது. துப்பாக்கி தாழ்ந்தது.

"தமிழுங்களா? எந்த ஊருங்க?"

"பொம்மிடி."

"நான் பக்கத்துல பாப்பாரப்பட்டிங்க." கீழே கிடந்தவளைப் பார்த்தான். "இவுங்க யாருங்க?"

சொன்னேன். தூக்க ஆள் போதவில்லை. அவனும் தோள் கொடுத்தான். மண் தள்ளி முடித்ததும், "உங்குளையெல்லாம் மீட்கத்தாங்க வந்தோம்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. எதன்மேலும் எனக்கு ஒன்றும் இல்லை.

பொம்மிடி ஸ்டேஷனில் இறங்குகிறேன். டீக்கடையில் போர்ச்சுகீசியரிடமிருந்து கிடைத்த விடுதலையைப் பற்றிப் பேச்சு. சண்டையே இல்லாமல் கிடைத்துவிட்டது என்கிறார் ஒருவர். நான் நடக்கிறேன்.

மாமனார் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார்.

"எம்புள்ள எங்கீங்க மாப்புள?"

சொன்னேன். கழி. தோணி. தண்ணீர். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். உள்ளே மாமியாரின் அழுகை.

"ரெண்டு பேருங்க மாமா" என்றேன்.

"ரெண்டாவது யாருங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லை மூடிய பிறகு பிறந்தவள் சபியா. பேத்தி பிறந்த சேதியே இந்த வீட்டுக்கு வரவில்லை. பிறந்ததையும் போனதையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

மாமனார் கேட்டார். "யாரு சாயலுங்க?"

"அவ ஆத்தா சாயலுதான். கண்ணு மட்டும் உங்குளுது."

கண்ணைத் துண்டால் மூடிக்கொண்டார்.

1971இல் மறுபடி போர். தருமபுரியில் நான் வைத்திருந்த தையல் கடையில் எல்லோரும் ரேடியோ கேட்டார்கள். நான் தைத்துக்கொண்டிருந்தேன். மாமனாரும் மாமியாரும் அதற்குள் காலமாகிவிட்டார்கள். என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. தியூ எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட.

மும்தாஜ், இருபத்தாறு வயது. தியூ கபரஸ்தானில்.

ஜமுனாபென். வயது தெரியாது.

சபியா, ஐந்து வயது. கபர் இல்லை. போட்டோ இல்லை. அவள் முகத்தைப் பார்த்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்.